வல்லூறு வளக்க ஆசைப்படுற தம்பிமாருக்கு

கையுறை எங்க வாங்கலாம் எண்டுதான் எல்லாரும் முதல்ல கேக்கிறாங்க. நான் கட்டார்ல ஃபால்கன் எண்ட வேட்டைப் பறவையளோட வேலை செஞ்சிட்டு வந்த ஆள் எண்டு ஊருக்குள்ள கதை பரவின நாள்ல இருந்து களுவாஞ்சிக்குடிப் பக்கம், கல்முனைப் பக்கம், அங்கால அக்கரைப்பற்று வரைக்கும் தம்பிமார் போன் எடுக்கிறாங்க. யூடியூப்ல அரபிக்காரன் கையில பறவை இருக்கிற வீடியோவப் பாத்திட்டு, அண்ணன் நம்மட வளவு வேப்பமரத்தில வல்லூறு கூடு கட்டியிருக்கு, குஞ்சு ஒண்ட எடுத்துப் பழக்கினா காடை பிடிக்க விடலாமா எண்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி முடியல்ல, அதால எல்லாத்தையும் சேத்து இஞ்ச எழுதிப் போடுறன், கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்து வாசிங்க.

கையுறை பிறகு. முதல்ல ஒரு தராசு வேணும். கேக் செய்யிற ஆக்கள் வச்சிருப்பாங்களே, ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டுற டிஜிட்டல் தராசு, அது. நான் வேலை செஞ்ச வீட்டில பறவையள் இருக்கிற அறைக் கதவைத் திறந்த உடன கண்ணில படுறது அதுதான், பக்கத்தில ஒரு கொப்பி, ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பக்கம், விடிய எத்தினை கிராம், நேத்து எத்தினை கிராம் தின்னுச்சு, எச்சம் என்ன நிறம், செமிக்காத எலும்பு இறகெல்லாம் உருண்டையாக் கக்கிச்சா இல்லையா, பறக்க விட்டதா, கூப்பிட்ட உடன வந்ததா எல்லாம் எழுதணும். எனக்கு வேலை பழக்கினவர் பாகிஸ்தான் பஞ்சாப்காரர், வயசான மனிசன், நாங்க எல்லாரும் சாச்சா எண்டுதான் கூப்பிடுவம். கன நாளா அவர் என்ட கையில பறவைய ஏத்தவே இல்ல. தராசையும் கொப்பியையும் தந்தார், மறுகா காடை வெட்டுற கத்தியத் தந்தார், அவ்வளவுதான்.

ஏன் அப்பிடி எண்டு அப்ப விளங்கல்ல, இப்ப நல்லா விளங்குது. நாய்க்கு நம்மள்ல பாசம் வரும், ஏசினாலும் திரும்பி வந்து காலடியில படுக்கும். வல்லூறும் ஃபால்கனும் தனிச்சு வேட்டையாடித் தனிச்சுத் தின்னுற சாதி, நம்மளச் சந்தோசப்படுத்தணும் எண்ட நினைப்பே அதுக்குக் கிடையாது. அதட்டினா, ஒருக்கா கால்ல பிடிச்சு இழுத்தா, அந்த முகத்தை அது மறக்காது. உங்கட கைக்கு அது வாறது ரெண்டு காரணத்துக்கு, அந்தக் கையில சாப்பாடு இருக்கு, அந்தக் கையால எனக்கு ஒரு கெடுதியும் வரல்ல. அப்ப வானத்தில விட்ட பறவைய உங்களோட கட்டி வச்சிருக்கிற ஒரே கயிறு பசிதான். பசி வந்தா பத்தும் பறந்துபோகும் எண்டு நம்மட பெரியாக்கள் சொல்றது, இதில பசி இல்லாட்டித்தான் பறந்துபோகும். வயிறு நிறைஞ்ச பறவைய விட்டீங்க எண்டா அது ஏதாவது ஒரு போஸ்ட்டில போய் இருந்து செட்டைய கோதிக்கொண்டு உங்களப் பாத்துக்கொண்டிருக்கும், இருட்டும் வரைக்கும் நீங்க கீழ நிண்டு கூப்பிடலாம், காத்து அடிச்சா அதோட போயிடும்.

ஆனா பட்டினி போடுறது எண்டு ஒருத்தரும் விளங்கிடாதீங்க, இதிலதான் நிறையப் பேர் பிழை விடுறாங்க. பட்டினி கிடந்த பறவைக்கு வேட்டையாடச் சத்து இருக்காது. வளர்ற வயசில சாப்பாடு குறைஞ்சா அந்த நாள்ல முளைச்ச இறகிலயெல்லாம் குறுக்கால ஒரு கோடு விழும், பிறகு அந்தக் கோட்டிலதான் இறகு முறியும், அடுத்த முறை இறகு கொட்டி முளைக்கும் வரைக்கும் அது மாறாது. சாச்சா ஒரு பறவையப் பாத்த உடன செட்டைய விரிச்சுப் பாப்பார், அது குஞ்சா இருக்கேக்க எப்பிடி வளந்தது எண்டு அதிலயே சொல்லிடுவார். வேண்டியது என்னெண்டா, நெஞ்சுச் சதை நிறைஞ்சு, கண் பளிச்செண்டு, எச்சம் வெள்ளையும் கறுப்பும் பிரிஞ்சு விழுந்து, அதே நேரம் சாப்பாட்டைக் கண்டா தாவி வாற ஒரு எடை. ஒவ்வொரு பறவைக்கும் அந்த எடை வேற, குளிர் நாளுக்கு வேற, பறந்து பறந்து சதை வச்சாப் பிறகு வேற. அதைக் கண்டுபிடிக்கத்தான் கொப்பி. நெஞ்செலும்புக்கு ரெண்டு பக்கமும் விரல வச்சுத் தடவிப் பாக்கவும் பழகணும், தராசு ஒண்டு சொல்லும், விரல் இன்னொண்டு சொல்லும், ரெண்டும் ஒத்துப் போனாத்தான் பறக்க விடுறது.

இப்ப நம்மட வளவு வல்லூறுக்கு வருவம். சின்னப் பறவைதானே, பழக்க லேசு எண்டுதான் எல்லாரும் நினைக்கிறாங்க, உண்மை நேர் எதிர். நான் பாத்துக்கொண்ட செக்கர் ஃபால்கன் பெட்டையள் ஒரு கிலோ பக்கம் வரும். அதில 10 கிராம் கூடினாலும் குறைஞ்சாலும் பெரிசா ஒண்டும் நடக்காது, அடுத்த நாள் சரி பண்ணலாம். நம்மட வல்லூறு பெரும்பாலும் 200 கிராமுக்குள்ளதான், சேவல் அதை விடச் சின்னன், வேட்டைப் பறவையளில பெரும்பாலும் பெட்டைதான் பெரிசு. 150 கிராம் பறவையில 10 கிராம் எண்டா கணக்குப் போட்டுப் பாருங்க, 60 கிலோ மனிசன் ஒரே இரவில 4 கிலோ குறையிற மாதிரி. அதோட சின்னப் பறவைக்கு உடம்புச் சூடு சுறுக்கா இறங்கும், தன்ர எடையில ஐஞ்சில ஒரு பங்குக்கு மேல ஒவ்வொரு நாளும் தின்னணும். காலையில கொஞ்சம் குறைச்சுக் குடுத்தம், பின்னேரம் பாப்பம் எண்டு நீங்க கடைக்குப் போய்ட்டு வாறதுக்குள்ள செட்டை தொங்கிக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கும். அனுபவமான சக்கார்மாரே, அதாவது ஃபால்கன் பழக்கிற ஆக்களே, சின்னப் பறவைய ஒரு நாளைக்கு ரெண்டு மூண்டு தரம் நிறுப்பாங்க. ஆகத் தொடங்கிற ஒருத்தர்ட கைக்கு ஆகக் கஷ்டமான பறவை எதெண்டா நம்மட மரத்தில இருக்கிறதுதான்.

சாச்சா சின்ன வயசில வல்லூறோடதான் தொடங்கினவர், பஞ்சாப்ல அது பழைய பழக்கம். கோதுமை வயலுக்குள்ள காடை வாற காலத்தில, கழுத்தில ஒரு நூல்பட்டி போட்டு, உள்ளங்கைக்குள்ள வல்லூற வச்சுக்கொண்டு நடப்பாங்களாம், காடை எழும்பின உடன பந்து எறியிற மாதிரி அது பின்னால எறிஞ்சு விடுற, அந்த ஒரு வீச்சு வேகத்தில அது போய் காடைய பிடிச்சிடும். கேக்க லேசா இருக்கு. ஆனா அவருக்குப் பழக்கினது அவர்ட தாத்தாவும் மாமாவும், பக்கத்து வீட்டிலயும் பறவை, முன் வீட்டிலயும் பறவை, ஒரு பறவை சோர்ந்தா கேக்க பத்துப் பேர். நமக்கு இஞ்ச யார் இருக்காங்க? மட்டக்களப்பில இருந்து அம்பாறை வரைக்கும் தேடினாலும் ஃபால்கன் வைத்தியம் தெரிஞ்ச ஒரு டொக்டரை எனக்குத் தெரியாது.

போன வருசம் ஒரு தம்பி கூட்டில இருந்து எடுத்த குஞ்சைக் கோழிக்கூட்டுக்குள்ள வச்சிருந்தான், என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். நல்ல பொடியன், பறவையில உசிரு. எலும்பில்லாத கோழி இறைச்சிய சின்னச் சின்னனா வெட்டி ஆசையா ஊட்டியிருக்கான். காட்டில தாய் குடுக்கிறது ஓணான், குருவி, எலி, முழுசா எலும்போட, தோலோட. வெறும் சதைல சுண்ணாம்புச் சத்து போதாது, அதால குஞ்சிட கால் ரெண்டும் வளைஞ்சு, நிக்க ஏலாம நெஞ்சால கிடந்தது. அவனுக்குச் சொல்லவும் மனசு வரல்ல, சொல்லாம விடவும் ஏலல்ல. அதை விட இன்னொண்டு, கண் திறந்த நேரத்தில இருந்து மனிசன் முகத்தையே பாத்து வளந்த குஞ்சு உங்களைத் தாய் எண்டு நினைச்சு நாள் முழுக்கக் கத்தும், வளந்தாப் பிறகு முகத்துக்குப் பாயும், வேட்டை எண்டா என்னெண்டு அதுக்குத் தெரியாது. திருப்பிக் காட்டில விட்டாலும் பிழைக்காது. கூட்டில எடுத்த குஞ்சை விட, தானாப் பறந்து வேட்டையாடப் பழகின முதல் வருசப் பறவையத்தான் பழைய ஆக்கள் விரும்பிறது இதுக்குத்தான்.

சட்டத்தையும் சொல்லிடுறன். 1937ம் ஆண்டு 2ம் இலக்க வனவிலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, பிறகு திருத்தங்களும் வந்திருக்கு. வல்லூறு, கழுகு, ஆந்தை எல்லாம் அதில பாதுகாக்கப்பட்ட பறவை. கூட்டில கை வைக்கிறதும் குஞ்சை வீட்டில வச்சிருக்கிறதும் குற்றம், ஆசைக்குத்தான் வளத்தன் எண்டு சொல்லித் தப்ப ஏலாது. சட்டம் இல்லாட்டியும் நான் இதைத்தான் சொல்லுவன்.

அப்ப உண்மையில எப்பிடித்தான் பழக்கிறது எண்டு தெரியணும் எண்டா, நான் செஞ்ச மாதிரியே சொல்றன். புதுசா வந்த பறவைக்குக் கண்ணை மூடி ஒரு தோல் முகமூடி போடுவாங்க, அரபில புர்க்கா எண்டுற, கண் தெரியாட்டி பயம் இல்ல, அமைதியா இருக்கும். ரெண்டு கால்லயும் மெல்லிய பட்டி, அதில ஒரு சுழலி, அதுக்குப் பிறகு கயிறு, சுழலி இல்லாட்டி கயிறு முறுகிக் கால ஒடிச்சிடும். மறுகா தூக்கிக்கொண்டு இருக்கிறதுதான் வேலை. மணித்தியாலக் கணக்கா. பின்னேரம் மஜ்லிஸ் எண்ட விருந்தாளி அறையில ஆக்கள் கதைச்சுக்கொண்டு கஹ்வா எண்ட அரபிக் கோப்பி குடிச்சுக்கொண்டு இருப்பாங்க, பறவை கையில இருக்கும், பிள்ளையள் ஓடும், டிவி சத்தம், வாகனச் சத்தம், எல்லாம் அது கேட்டுப் பழகணும். கையில இருந்து அது முதல் தரம் குனிஞ்சு ஒரு துண்டு இறைச்சிய எடுத்துத் தின்னுற நேரம் இருக்கே, அதுக்குக் குனியணும் எண்டா உங்கட முகத்தில இருந்து கண்ணை எடுக்கணும், அப்பிடி எடுத்திச்சு எண்டா உங்களை நம்பத் தொடங்கிட்டு. அந்த நேரம் மூச்சுக்கூடப் பலமா விடக்கூடாது, நேரா கண்ணைப் பாக்கவும் கூடாது.

பிறகு பறவை குந்தியிருக்கிற தாங்கில இருந்து கைக்கு ஒரு எட்டு, அடுத்த நாள் ஒரு முழம், பிறகு முற்றத்துக்கு அங்கால இருந்து, எல்லாம் நீளக் கயிறு கட்டித்தான். ஒரு நாள் வராட்டி அடுத்த நாள் பின்னுக்குப் போய் திரும்பத் தொடங்கணும். ஃபால்கனுக்கு கையை விட தில்வா எண்ட போலி இரைதான் முக்கியம், ஹுபாரா எண்ட பெரிய வனாந்தரப் பறவையிட செட்டைய ஒரு கயிற்றில கட்டிச் சுழட்டுற, அதைக் கண்டா அது மேல இருந்து இறங்கி வந்து அடிக்கும், அடிச்சா அதில சாப்பாடு இருக்கும். கயிறை அவிட்டு முதல் தரம் சும்மா விடுற நாள் எனக்கு நெஞ்சு அடிச்ச அடி இப்பவும் நினைவு இருக்கு. இப்ப எல்லாப் பறவையிலயும் ஒரு சின்ன ட்ரான்ஸ்மிட்டர் கட்டியிருக்கும், ஜிபிஎஸ்ல போன்லயே எங்க நிக்குது எண்டு பாக்கலாம், ஆனாலும் அந்தப் பயம் அதால குறையல்ல.

வேட்டை எண்டு நான் நேர்ல கண்டது குளிர் காலத்தில, விடிய முதல். மணல்ல காலடி பாத்துக்கொண்டு மெதுவா ஜீப் போகும், சாச்சா இறங்கி ஒரு தடத்தைப் பாத்து இது கர்வான், இப்பதான் போயிருக்கு எண்டுவார், கர்வான் எண்டா நிலத்தில ஓடித் திரியிற ஒரு பறவை. புர்க்காவைக் கழட்டின உடன செக்கர் தலைய மேலயும் கீழயும் ஆட்டும், தூரத்தை அளக்குது, நம்மட கண்ணுக்கு வெறும் மணல், அது ஏற்கனவே கண்டிட்டு. கிளம்பினா நேரா மேல போகாது, நிலத்தோட ஒட்டிப் போய் கடைசியில எழும்பும். கர்வானும் லேசுப்பட்ட பறவை இல்ல, கடைசி நொடியில உடைஞ்சு திரும்பி பத்தைக்குள்ள விழுந்திடும். ஹுபாரா இன்னும் கெட்டிக்காரன், பிசின் மாதிரி எச்சத்தை ஃபால்கன்ட மேல பீச்சி அடிக்கும், செட்டை ஒட்டிப் போனா அண்டைக்கு வேட்டை முடிஞ்சுது. நிறையத் தரம் வேட்டை தப்பித்தான் போகும். வீடியோல அதை ஒருத்தரும் போடுறதில்ல.

பிடிச்சிட்டு எண்டா ஓடிப் போய் இழுத்துப் பறிக்கக் கூடாது. பக்கத்தில முழங்கால் போட்டு இருந்து, கத்தியால சுறுக்கா அறுத்து, கையில வேற இறைச்சிய நீட்டி, அது தானா கைக்கு ஏறும் வரைக்கும் பொறுக்கணும். பறிச்சு எடுத்தா தன்ர இரையைக் களவெடுக்கிற ஆள் எண்டு உங்களை வச்சுக்கொள்ளும், அடுத்த முறை பிடிச்சதைத் தூக்கிக்கொண்டு ஓடும். காத்தான்குடிக் கூட்டாளிமார் ஹலாலா எண்டு கேப்பாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சதுதான், பழக்கின வேட்டைப் பிராணி பிடிச்சுக் குடுக்கிறது ஆகும் எண்டு குர்ஆன்ல அல்மாயிதா சூராவிலயே இருக்கு, விடுறதுக்கு முதல் பிஸ்மி சொல்லாம நான் வேலை செஞ்ச வீட்டு முதலாளி ஒரு நாளும் பறவைய விட்டதில்ல.

மிச்ச வேலைய யாரும் படம் எடுக்கிறதில்ல. தாங்கி கரடாக் கிடந்தா இல்ல ஊத்தையாக் கிடந்தா அடிக்கால் வீங்கிப் புண்ணாகும். காத்தோட்டம் இல்லாத ஈர அறையில வச்சா நுரையீரல்ல பூஞ்சணம் பிடிச்சு, மூச்சு வாங்கிறது வெளிய தெரியிறதுக்குள்ள முக்கால்வாசி முடிஞ்சிடும், நம்மட மாரி மழைல, வாவிக் காத்தில இதை நினைச்சுப் பாருங்க. புறா இறைச்சி குடுத்தா தொண்டையில புண் வரும், அதால கண்ட புறாவையும் குடுக்கிறதில்ல. சித்திரைக்குப் பிறகு இறகு கொட்டத் தொடங்கினா ஏசி அறையில வச்சு நல்லாத் தீன் போட்டு மாசக்கணக்காப் பாக்கணும், அந்தக் காலத்தில பறக்கவும் விடுறதில்ல, வேட்டையும் இல்ல, செலவு மட்டும் அப்பிடியே போகும். தோஹாவில சூக் வாகிஃப் சந்தைல பறவைக் கடையளோட ஃபால்கனுக்கெண்டே ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, எக்ஸ்ரே எடுப்பாங்க, உடைஞ்ச இறகுக்கு வேற இறகு ஒட்டுவாங்க. அபுதாபியிலயும் ஃபால்கன் ஆஸ்பத்திரி இருக்கு, அது 1999ல தொடங்கினது. அந்த வசதி எல்லாம் இருக்கிற இடத்திலயே பறவை சாகுது.

இன்னொண்டையும் மறைக்க விரும்பல்ல. நான் ஆசையாத் தூக்கின செக்கர் ஃபால்கன் இண்டைக்கு உலகத்தில அழியிற ஆபத்தில இருக்கிற பறவை, அதுக்கு கரண்ட் கம்பியும் ஒரு காரணம், இந்த வேட்டைக்கெண்டு காட்டில பிடிச்சதும் ஒரு காரணம். அதாலதான் இப்ப அங்க கூடுதலா பண்ணையில பொரிச்ச பறவையள். அமீரகத்தில 2002ல இருந்து ஃபால்கனுக்கு பாஸ்போர்ட்டே இருக்கு, 1995ல இருந்து பழைய பறவையள வைத்தியம் பாத்து பாகிஸ்தான், கசகஸ்தான் போல நாடுகள்ல திருப்பி விடுறாங்க. 2010ல யுனெஸ்கோ இந்தக் கலைய மனிசர்ட மரபுப் பட்டியல்ல சேத்தது. பறவை இருந்தாத்தானே கலை. நம்மட நாட்டிலயும் சீகிரியாக் குன்றில ஷாஹீன் ஃபால்கன் கூடு கட்டுது, மேல இருந்து செட்டைய மடிச்சு விழுந்தா மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல போற சாதி, அதைக் கட்டி வச்சுப் பாக்கணும் எண்டு எனக்கு ஒரு நாளும் தோணினதில்ல.

அப்ப ஊர்ல இருந்துகொண்டு என்ன செய்யலாம் எண்டு கேட்டா, கன விசயம் செய்யலாம். வேட்டைக்காரனுக்குத் தெரிய வேண்டிய அரைவாசி, பறவை எப்பிடி வேட்டையாடுது எண்டதுதான், அதைப் படுவான்கரை வயல் வட்டைக்குள்ள ஓசில படிக்கலாம். வெள்ளாமை வெட்டுற மெசின் இறங்கின உடன வந்து பாருங்க, எலி, வெட்டுக்கிளி, குருவி எல்லாம் கிளம்பும், கொக்கு பின்னால நடக்கும், பிராந்து மேல வட்டமடிக்கும். மற்ற நாடுகள்ல இரையைக் கிளப்ப நாய் விடுறாங்க, இஞ்ச மெசினே அந்த வேலையச் செய்யுது. சில நேரம் வெள்ளையும் சாம்பலுமா தோளில கறுப்பு வச்ச ஒரு சின்னப் பறவை ஒரே இடத்தில செட்டையடிச்சுக்கொண்டு நிண்டு அப்பிடியே கீழ இறங்கும். வல்லூறு அப்பிடி இல்ல, இலைக்குள்ள மறைஞ்சு இருக்கும், அணில் ஒரு மாதிரிக் கத்தத் தொடங்கினா, கரிக்குருவி கலைக்கத் தொடங்கினா அந்தப் பக்கம் பாருங்க, தாழப் பறந்து வரம்போட போய் கடைசியில மரத்துக்கு ஏறும். எத்தினை தரம் பாய்ஞ்சுது, எத்தினை தரம் பிடிச்சுது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்க. ஒரு போகம் முழுக்க எழுதினீங்க எண்டா யூடியூப்ல ஆயிரம் வீடியோ பாத்தவனை விட உங்களுக்குத் தெரியும். உன்னிச்சைக் குளத்துப் பக்கமும் நவகிரிப் பக்கமும் மீன் பிடிக்கிற பெரிய கடல் கழுகு, பாம்புக் கழுகு எல்லாம் நிக்கும்.

வெளிநாடு போறவங்களுக்கு வேற கதை. கட்டாருக்கோ அமீரகத்துக்கோ போனா, வீட்டு வேலை டிரைவர் வேலை எண்டு போனாலும் பறவை இருக்கிற வீடா எண்டு கேட்டுப் பாருங்க, நான் அப்பிடித்தான் உள்ளுக்குப் போனது. லண்டன்ல இருக்கிற நம்மட பிள்ளையள் எண்டா ஹாரிஸ் ஹாக்கோட தொடங்குங்க, அமெரிக்கக் கண்டத்துப் பறவை, காட்டிலயே குடும்பமாச் சேந்து வேட்டையாடுற சாதி, அதால மனிசனோடயும் நாயோடயும் சேந்து முயல் பிடிக்க லேசாப் பழகும், சேவலே 600 கிராமுக்கு மேல வரும், தராசில கொஞ்சம் பிழை விட்டாலும் தாங்கும். அமெரிக்காவில எண்டா சட்டமே ஒரு குருவ கேக்குது, பரீட்சை பாஸ் பண்ணி, அனுபவம் உள்ள ஒருத்தருக்குக் கீழ ரெண்டு வருசம் பழகணும், பறவை வாறதுக்கு முதல் கூட்டையும் சாமானையும் வந்து பாத்திட்டுத்தான் அனுமதி குடுப்பாங்க. எனக்கு அந்த முறை நல்லாப் பிடிச்சிருக்கு.

காத்து மழைக்குக் கூட்டில இருந்து குஞ்சு விழுந்து கிடந்தா, வீட்டுக்குள்ள கொண்டுபோகாம, காயம் இல்லாட்டி ஒரு கூடையில இலை போட்டு அதே மரத்தில உயரக் கட்டிவிட்டு அங்கால போங்க, கைபட்டா தாய் சேக்காது எண்டுறது சும்மா கதை, தாய் வந்து தீன் குடுக்கும். காயம் எண்டா காத்துப்போற காட்போர்ட் பெட்டிக்குள்ள இருட்டா வச்சு, தண்ணியும் சோறும் வாயில ஊத்தாம, வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு உடன அறிவிங்க. அடுத்த வெள்ளாமை வெட்டுக்கு நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வட்டையில நிப்பன், பைனாகுலர் ஒண்டு இருக்கு, மாறி மாறிப் பாக்கலாம், வாறவங்க விடியக் காலையில வாங்க, கொப்பியும் பேனையும் கொண்டு வாங்க.